என் தலைக் கட்டியும் நான்காவது குழம்பும்

என் வலது கட்டைவிரலைப் பற்றி நானே பெருமை பேசினால் நன்றாக இருக்காது. ஆனால் எங்கள் ஊரில் வேறு யாரும் பேசிவிடப் போவதில்லை, அதனால் நானே பேசுகிறேன். ஆரம்பாக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் ஏரிப் பக்கம் இறங்குகிற வழியில் ஒரு நண்டு ஷெட் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே நண்டு தரம் பிரிக்கிறவள் நான். ஒரு சேற்று நண்டைக் கையில் கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டே அது சதை நண்டா, தண்ணி நண்டா என்று சொல்லிவிடுவேன். நடுவில் ஒன்றரை வருஷம் அப்படிச் சொல்ல முடியாமல் போயிற்று. அந்தக் கதைதான் இது.

நண்டு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு கட்டும். கட்டின சூட்டோடு பிடிபட்டால் ஆள் பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே சதை இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கும். அதுதான் தண்ணி நண்டு. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய நண்டு வெறும் தண்ணியாக இருக்கலாம். உள்ளங்கையில் அடங்குகிற நண்டு சதை முட்டிப் போயிருக்கலாம். அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. மல்லாத்திப் பிடித்து, கால் முளைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஓடு துளி அமுங்கி மேலே வந்தால் தண்ணி, அசையாமல் நின்றால் சதை. அந்தத் துளி எவ்வளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிரிக்கிறவள் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் முடிவு. யாருக்காவது சந்தேகம் இருந்தால் "ஒடை" என்று சொல்லலாம். சொன்னால் எல்லோர் முன்னிலையிலும் நண்டைப் பிளந்து பார்ப்போம். யார் சொன்னது தப்போ அவள் அன்றைக்கு ஷெட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் நண்டுக் குழம்பு வைத்துப் போட வேண்டும். ஆகவே யாரும் லேசில் அந்த வார்த்தையை எடுக்க மாட்டார்கள். என் நாத்தனார் மட்டும் எடுப்பாள். என் வீட்டுக்காரரின் தங்கை அவள். எனக்கு எதிரில் உட்கார்ந்து பிரிப்பாள். மாதம் ஒரு தடவையாவது என் நண்டை ஒடைக்கச் சொல்லித் தோற்றுப்போய், அடுப்பு மூட்டப் போவாள். அவள் குழம்பில் எப்போதும் புளி தூக்கலாக இருக்கும். தோற்ற எரிச்சலை அதில்தான் காட்டுவாள்.

ஒரு நாள் அவள் ஜெயித்துவிட்டாள். நான் சதை என்றேன், அவள் ஒடை என்றாள், உடைத்தால் தண்ணீர் ஒழுகியது. ஷெட்டே விசில் அடித்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முதல் குழம்பை வைத்தேன். இரண்டு வாரம் கழித்து இரண்டாவது குழம்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை, நண்டு சரியில்லை, பக்கத்தில் நின்று பேசியவள் வாய் சரியில்லை என்று ஒவ்வொருவரோடும் சண்டை பிடித்தேன். அதற்குள் நான் அனுப்பிய கூடைகளில் தண்ணி நண்டு கலந்து வருகிறது என்று வாங்குகிறவர்களிடமிருந்து புகார் வந்தது. வேண்டுமென்றே கலக்கிறேன் என்று இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் ஏரித் தண்ணீரே கொதித்திருக்க வேண்டும்.

உண்மை எனக்குத் தெரியும். சில மாதமாகவே கட்டைவிரல் மந்தமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் ஆள்காட்டி விரலால் அழுத்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். வயதாகிறது, உப்புத் தண்ணீர், சத்துக் குறைவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என்னிடமிருந்து பிரிக்கிற வேலையைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. என் வாய் மூடியிருந்தது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

மூன்றாவது குழம்பு வைத்த அன்று குட்டு உடைந்தது. ஷெட்டுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பு. அலுமினியக் குண்டானை இறக்க ஒரு பக்கம் துணி போட்டுப் பிடித்தேன், மறு பக்கம் துணி நழுவியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. கருகின வாசனை வந்து நாத்தனார்தான் ஓடி வந்தாள்.

"அண்ணி! கைய எடு! இன்னா இது, கல்லு மாதிரி புடிச்சினு கீற?"

பார்த்தேன். கட்டைவிரல் குண்டானின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெள்ளையாகக் கிளம்பிக் கொப்புளமாகி இருந்தது. எனக்கு ஒன்றும் சுடவில்லை.

"வலிக்கலியா அண்ணி?"

"வலிக்கலடி" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவள் குழம்பைத் தொடவில்லை. எப்போதும் புளியை அள்ளிப் போடுகிற அந்தக் கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷத்தில் அவளும் நானும் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கட்டைவிரல் தானாகவே துடிக்க ஆரம்பித்தது. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். விரல் துடித்து, கை துடித்து, வாயோரம் வரைக்கும் இழுத்தது. எதிரில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மே, இன்னாத்துக்குக் கை ஆட்டிக் கூப்புடற, பக்கத்துலதானே கீறேன்" என்றார். இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. ஊர் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். டாக்டர்கள் பேசாமல் எழுதினால் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினோம். நான், வீட்டுக்காரர், நாத்தனார். எங்கள் ஷெட் நண்டுக் கூடைகளும் அதே ரயிலில்தான் வந்தன. நாத்தனார் வேதக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், வழி நெடுக ஜெபமாலை உருட்டி, மெழுகுவத்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டு வந்தாள். வீட்டுக்காரர் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார், கும்மிடிப்பூண்டி தாண்டியதும் கூடவே ஒரு கிடாவையும் சேர்த்தார். சென்னை வருவதற்குள் எனக்காக இரண்டு சாமிகளுக்கும் நல்ல பேரம் நடந்து முடிந்திருந்தது.

தலை ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரில் என் தலையின் படத்தைக் காட்டினார். இடது பக்கம் மேலே, ஓட்டுக்கு அடியில், வெள்ளையாக ஒரு உருண்டை.

"அம்மா, பயப்படாம கேளுங்க. மூளைக்கு மேல போர்வை மாதிரி ஒரு உறை இருக்கு. இந்தக் கட்டி அந்த உறையில இருந்து வளர்ந்திருக்கு. மூளையில இருந்து இல்ல. இதுக்குப் பேரு மெனிஞ்சியோமா. உங்க வலது கையை ஆட்டிவைக்கிற இடத்துமேல உட்கார்ந்து அழுத்துது. அதனாலதான் விரல் மரத்துப்போச்சு."

"எம்மாம் பெருசு?" என்றார் வீட்டுக்காரர்.

"நாலரை சென்டிமீட்டர்."

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் இறால்காரர். இறாலில் அளவுதான் எல்லாம். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று எண்ணுவார்கள், குறைவாக நின்றால் பெரிய இறால், பெரிய இறால்தான் உசத்தி. முப்பது வருஷமாக அளவைத் தவிர எதையும் பார்க்காத மனுஷன். விரலில் நாலரை சென்டிமீட்டரை அளந்து பார்த்தார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். "இம்மாம் பெருசு... இனிமே இன்னா கீது" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா, "ஐயா, அளவை வச்சு இதோட தரத்தைச் சொல்ல முடியாது. பெருசா இருக்கிறது சாதுவா இருக்கலாம், சின்னதா இருக்கிறது பொல்லாததா இருக்கலாம்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் யார் பேசியதும் எனக்குப் புரியவில்லை. இது புரிந்தது. என் வாழ்நாள் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்ததைப் படித்த பெண் ஒருத்தி சொல்கிறாள்!

"கேட்டியாய்யா? நான் தெனம் தெனம் இன்னா சொல்றேன்? சைஸப் பாத்து ஏமாறாதேனு சொல்றேனா இல்லியா?" என்று அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில், கட்டி மூளைக்குள்ளேயே போய்விட்டது என்று முடிவு கட்டியது தெரிந்தது.

பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இந்தக் கட்டியை முதலில் இருக்கிற இடத்தை வைத்துப் பிரிப்பார்களாம். சிலருக்கு நெற்றிக்குப் பின்னால், சிலருக்குக் கண்ணுக்குப் போகிற நரம்புக்குப் பக்கத்தில், சிலருக்கு மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவில் இருக்கிற தடுப்பில், எனக்கு மேல்பக்கம், கத்திக்கு எட்டுகிற இடத்தில். அப்புறம் தரம். மூன்று தரம் உண்டு. ஒன்றாம் தரம் மெதுவாக வளரும், வந்த இடத்தோடு நிற்கும், பெரும்பாலானவர்களுக்கு அதுதான். இரண்டாம் தரம் கொஞ்சம் முரண்டு, எடுத்தாலும் திரும்ப வரப் பார்க்கும், சில சமயம் கரண்ட், அதாவது கதிர், வைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் தரம் புற்று. இதற்குள்ளே செல்லின் சாயலை வைத்துப் பதினைந்து வகை வேறு.

"பதினஞ்சா! எங்க ஏரியில நண்டுகூட அத்தினி வகை கெடையாது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எது எந்தத் தரம்னு படத்தை வச்சு ஓரளவு யூகிக்கலாம். உறுதியா சொல்லணும்னா கட்டியை எடுத்து, மெல்லிசா சீவி, மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும்."

"அதாவது ஒடைச்சாதான் தெரியும்."

"ஆமாம்மா. அப்படித்தான்."

"நியாயந்தான். பாக்கப்போறது யாரு, நீங்களா?"

"இல்ல. அதுக்குன்னே தனி டாக்டர் இருக்காங்க. நாள் பூரா அவங்களுக்கு அதான் வேலை."

"அவங்கள நான் பாக்கணும்" என்றேன். என் தலையிலிருந்து எடுத்ததை ஒருத்தி பிரிக்கப்போகிறாள், அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? டாக்டரம்மா பார்க்கலாம் என்றார். நோயாளிகளுக்கு அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். முழித்ததும் முதலில் செய்த காரியம், இடது கை நகத்தால் வலது கட்டைவிரலை அழுத்தியதுதான். ஒன்றும் இல்லை. யாரோ வேறு ஒருத்தியின் விரலை அழுத்தின மாதிரி இருந்தது. உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், தலையில் கட்டோடு ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா மறுநாள் வந்து, நரம்பு எழும்ப மாசக்கணக்காகும் என்றார். அப்புறம் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். கட்டி முழுதாக வந்துவிட்டதாம். ஆனால் ஓரிடத்தில் மூளையோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். சும்மா ஒட்டியிருந்ததா, உள்ளே இறங்கிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. இறங்கியிருந்தால் அந்த ஒன்றுக்காகவே அது இரண்டாம் தரம் ஆகிவிடும்.

இதை என் வீட்டுக்காரர் நாத்தனாருக்கு விளக்கினார். "எளாவூரு செக்போஸ்ட்டுல லாரி நிக்கிது. இந்தப் பக்கம் நிக்கிதா, கேட்டத் தாண்டிடுச்சானு பாக்கறாங்க." அழுது முடித்தபின் அவருக்கு எல்லாம் தெளிவாகப் புரிய ஆரம்பித்திருந்தது என்று நினைத்தேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

தையல் பிரிக்கிற அன்றைக்கும் ரிப்போர்ட் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். பத்து நாளாகவா ஒரு கட்டியைப் பார்ப்பார்கள்? பத்து நாளில் நான் பத்தாயிரம் நண்டு பிரித்திருப்பேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வழி விசாரித்து, கீழ்த் தளத்தில் இருந்த லேபுக்கு நானே போய்விட்டேன். நாத்தனார் பின்னாலேயே "அண்ணி, வாணாம் அண்ணி" என்று ஓடி வந்தாள்.

மூலையில் ஒரு அம்மா மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகிற வயது. கண்ணாடி நெற்றிமேல் இருந்தது. முதுகுக்கு ஒரு தலையணை, பக்கத்தில் பிளாஸ்கில் டீ. இடப்பக்கம் அட்டைத் தட்டு நிறையக் கண்ணாடிச் சில்லுகள், பார்த்து முடித்தவை வலப்பக்கம். எடுக்கிறார், வைக்கிறார், பார்க்கிறார், தள்ளுகிறார். எடுக்கிறார், வைக்கிறார். என் கோபம் வாசலிலேயே நின்றுவிட்டது. அந்த முதுகும் அந்தத் தலையணையும் எனக்குத் தெரியும். ஷெட்டில் என் முதுகுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது.

"நீங்கதானே பிரிக்கிறவங்க?" என்றேன்.

"என்னம்மா?"

"நான் ஆரம்பாக்கத்துலேர்ந்து வர்றேன். நண்டு பிரிக்கிறவ. என் தலைக்கட்டி உங்ககிட்டதான் கீதாம்."

அவர் என்னை விரட்டியிருக்கலாம். துண்டையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, பெயரையும் நம்பரையும் கேட்டார். தட்டிலிருந்து சில சில்லுகளை எடுத்தார். அந்த மைக்ரோஸ்கோப்பில் எதிரும் புதிருமாக இரண்டு பேர் பார்க்கலாம், படிக்கிற பிள்ளைகளுக்காக வைத்திருப்பது. "உட்காருங்க. உங்களுதை நீங்களே பாருங்க" என்றார்.

முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் பளீரென்று ரோஸும் ஊதாவுமாக ஒரு உலகம். எங்கே பார்த்தாலும் சுழி சுழியாக இருந்தது. தலையில் இருக்குமே, அந்த மாதிரிச் சுழி. என் தலைக்குள்ளே இத்தனை அழகாக ஒன்று இருந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சுழிகளுக்கு நடுவில் உருண்டை உருண்டையாகக் கரு ஊதாவில் ஏதோ கிடந்தது.

"அது இன்னாம்மா, மணலாட்டம்?"

"மணல் மாதிரிதான். இந்த வகைக்குப் பேரே மணலை வச்சுத்தான் வந்தது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் கல்யாணம் ஆகிற வரைக்கும் என் பிறந்த ஊரான தோணிரேவில் ஏரிக்குள் முங்கி முங்கிக் கையால் தடவி இறால் பிடித்தவள் நான். காதில் தண்ணீர் போகாத நாள் கிடையாது. "ஏரி மண்ணு காது வழியாப் பூந்துடுச்சா?" என்று கேட்டேன். பின்னால் நின்ற நாத்தனார் சட்டென்று தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளும் முங்கினவள்தான்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நெற்றியிலிருந்த கண்ணாடி நழுவி மூக்குக்கு வந்தது. "ஏரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஏரியைப் பார்க்காதவங்களுக்கும் இது இருக்கும். உடம்பு தானாச் சேர்த்துக்கிற சுண்ணாம்பு" என்றார்.

அப்புறம்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இன்னா தரம்?"

அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை முதலில் சொன்னார். ஒரு செல் இரண்டாகப் பிரிகிற நேரத்தில் மாட்டினால் அது தனியாகத் தெரியுமாம். அடுத்தடுத்துப் பத்து இடத்தில் அந்த மாதிரி எத்தனை என்று எண்ண வேண்டும். நாலுக்குக் கீழே என்றால் நல்லது, நாலு ஆகிவிட்டால் இரண்டாம் தரம், இருபது ஆகிவிட்டால் மூன்றாம் தரம்.

"எனக்கு?"

"ஒன்னே ஒன்னு. அதையும் தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

"செக்போஸ்ட்டு?" என்றாள் நாத்தனார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மூளையோடு ஒட்டியிருந்த இடம் என்று நான் விளக்கினேன்.

அவர் வேறு ஒரு சில்லை வைத்தார். ஒரு பக்கம் வெளிர் ரோஸில் பஞ்சு மாதிரி இருந்தது, அது என் மூளை. மறுபக்கம் சுழிகள். நடுவில் ஒரு கோடு. "இந்த ஓரத்துல சந்தேகம் வந்தது. அதனால கட்டியில மிச்சம் இருந்ததையும் சீவச் சொன்னேன். எல்லாத்தையும் பார்த்தேன். பக்கத்து ரூம் டாக்டரையும் என் முடிவைச் சொல்லாம தனியாப் பார்க்கச் சொன்னேன். அவரும் இதையேதான் சொல்றார். எங்கேயும் உள்ள இறங்கல. ஒட்டிக்கிட்டு மட்டும்தான் இருந்திருக்கு. ஒன்னாம் தரம். இன்னும் குழப்பமா இருந்தா ஜீன் டெஸ்ட்டெல்லாம் இருக்கு, உங்களுக்கு அது தேவைப்படல. சாயங்காலம் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

பத்து நாள் தாமதத்தின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ஒடை" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"தப்பாச் சொல்லிட்டா நீங்க இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எங்கள் ஷெட் வழக்கத்தையும் என் மூன்று குழம்பையும் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "நல்ல வழக்கம்மா. ஆனா எங்க தப்புக்குக் குழம்பு போதாது. அதான் மெதுவாப் பார்க்கிறோம்" என்றார். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வலது கைக்குத் தொட்டது தெரியாது என்பதால் இடது கையால் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் எப்போது வந்தது என்று நினைவில்லை.

மேலே படிக்கட்டில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். "ஒன்னாந்தரம்யா!" என்று கத்தினேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஒன்னா? மூணு வரலியா?"

இறாலில் ஒன்றாம் தரம் என்றால் இருப்பதிலேயே பெரியது. டாக்டரம்மா தரம் பற்றிச் சொன்னபோது துண்டுக்குள் அழுதுகொண்டிருந்தவருக்கு, மூன்று தரம் உண்டு என்பதைத் தவிர ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பத்து நாளாக அந்த மனுஷன் எல்லையம்மனிடம் எனக்கு மூன்றாம் தரம் கொடு என்று மனமுருக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்! நல்லவேளை, அம்மனுக்கு நண்டு விவரம் தெரிந்திருந்தது. நாத்தனார் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் எங்களைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று வாட்ச்மேன் வந்து சொன்னார்.

ஊருக்கு வந்தோம். இரண்டு சாமிக்கும் சொன்னதைச் செய்தோம். தலைமுடி முள்ளு முள்ளாக முளைத்தது. விரல் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சி சொல்லித்தந்திருந்தார்கள். பக்கெட்டில் மணலை நிரப்பி, அதற்குள் கிளிஞ்சல், பட்டன், புளியங்கொட்டை எல்லாம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு எது எது என்று சொல்ல வேண்டும். தினமும் காலையில் செய்தேன். பட்டனைக் கிளிஞ்சல் என்பேன், கிளிஞ்சலைக் கல் என்பேன். வீட்டுக்காரர் என் மனம் நோகக் கூடாது என்று எதைச் சொன்னாலும் "கரீட்டு" என்பார். அதற்காகவும் அவரிடம் சண்டை போட்டேன்.

ஷெட்டில் என் இடத்தில் நாத்தனார் உட்கார்ந்தாள். என் தலையணையை மட்டும் தொடாமல் ஓரமாக வைத்திருந்தாள். நான் கூடைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, எல்லோரையும் அதட்டிக்கொண்டு திரிந்தேன். தலைக்கட்டி ஒன்றாம் தரம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இந்த விரல் என்ன தரம் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் உள்ளே அதுதான் அரித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து நண்டு நன்றாக வந்துகொண்டிருந்த ஒரு காலை. நாத்தனார் ஒரு பெரிய ஆண் நண்டை அழுத்திவிட்டு "சதை" என்று கூடையில் போட்டாள். எனக்கு என்னவோ தோன்றியது. அதை எடுத்து, மல்லாத்தி, கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஏதோ ஒன்று மேலே வந்த மாதிரி இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா, தெரியவில்லை.

"தண்ணி" என்றேன்.

நாத்தனார் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாணாம் அண்ணி."

"ஒடை" என்றேன்.

"சொன்னாக் கேளு அண்ணி, வாணாம்."

"ஒடைடீ!"

உடைத்தாள். ஓட்டுக்குள் இடமே இல்லாமல் வெள்ளைச் சதை அடைத்துக்கொண்டு நின்றது. யாரும் விசில் அடிக்கவில்லை. ஒருத்தி குனிந்து நண்டுக் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தாள். நாத்தனார், "நானே வைக்கிறேன் அண்ணி, இன்னிக்கு எனக்குக் கொழம்பு வைக்கணும்னு ஆசையாக் கீது" என்றாள். அவள் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும்.

"வழக்கம்னா வழக்கம். நீ வச்சா எவ திம்பா அந்தப் புளிய?" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பரிதாபப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லவேளை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மிளகாய்த்தூளைப் போட்டேன், மாங்காய் கீறிப் போட்டேன், நண்டைப் போட்டேன். குழம்பு கொதித்து மேலே எழும்பியது. இறக்க வேண்டும். துணியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல், வந்த எரிச்சலில் அப்படியே மூடியை வலது கையால் பிடித்துத் தூக்கினேன்.

"ஐயோ அம்மா!"

மூடி ஒரு பக்கம் பறந்தது. எல்லோரும் எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் நாத்தனார். கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அண்ணி, இன்னா ஆச்சி?"

"சுடுதுடி!"

"இன்னா?"

"சுடுதுடி, சுடுது! கட்டவெரலு சுடுது!"

அவள் என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். சிவந்து, கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது. ஊதினாள். "ஜில்லுனு கீதா?" என்று கேட்டாள். கீது என்றேன். மறுபடியும் ஊதினாள். ஊதிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள், அப்புறம் ஷெட்டே விசில் அடித்தது.

குழம்பில் உப்புப் போட மறந்திருந்தேன். எல்லோரும் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் நாத்தனார் ஒரு களிம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து விரலை நீட்டச் சொன்னாள். நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"வலிக்கலியா அண்ணி?"

"வலிக்கிதுடி. வலிக்கட்டும், உடு" என்றேன்.